சபையில் கணக்கெடுப்பது எப்படி: பதிவேடு பிடிப்பவர் சொல்கிறேன்

ஆராதனைக்கு வந்தவர்களை எண்ணலாமா என்று கேட்பவர்கள் உடனே, மக்களை எண்ணியதற்காகக் கர்த்தரின் கோபத்துக்கு ஆளான தாவீது ராஜாவை இழுப்பார்கள். ஆனால் வேதாகமத்தின் எண்ணாகமம் புத்தகத்தில் எண்ணச் சொன்னவரே கர்த்தர்தானே! அங்கே 6,03,550 என்ற தொகைக்கு முன்பே விதி வந்துவிடுகிறது: 20 வயதும் அதற்கு மேலும் உள்ள, போருக்குப் புறப்படத்தக்க ஆண்கள். ஆசாரிப்புக் கூடாரப் பணிக்கான லேவி கோத்திரத்தார் இதில் சேரவில்லை என்பதும் தொகைக்கு அடுத்தே சொல்லப்படுகிறது. பதிவேட்டின் முதல் பக்கத்தில் நீங்களும் அப்படி ஒரு விதியை எழுதிவையுங்கள். கைக்குழந்தை சேர்த்தியா? பாடகர் குழு? அடுத்த அறையில் இருக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்? இணையத்தில் பார்ப்பவர்களுக்குத் தனிக் கட்டம். அதை இருக்கையில் உட்கார்ந்தவர்களோடு கூட்டவே கூடாது.

எண்ணும் நேரமும் மாறக்கூடாது. பிரசங்கம் தொடங்கிச் சற்று நேரம் கழித்து எண்ணுவது என் வழக்கம். தாமதமாக வருபவர்களும் அதற்குள் வந்துவிடுவார்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும். மழை, தேர்வு, திருமணம் எதுவானாலும் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்த எண்ணைப் பார்ப்பவருக்கு வேறு யார் சொல்வார்கள்?

இரண்டு ஆராதனை நடக்கும் சபையில் ஒரு பொறி உண்டு. 1851 மார்ச் 30 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காலை, பிற்பகல், மாலை ஆராதனைகளுக்கு வந்தவர்களை அரசே எண்ணியது. கிடைத்தது வருகைகளின் தொகை. இருமுறை வந்தவர் இரண்டாகவே பதிவானார். ஆட்கள் எத்தனை பேர் என்பதைப் பின்னர் ஊகிக்கத்தான் முடிந்தது. நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு சாதாரண ஞாயிறு இரண்டாம் ஆராதனையில், 'காலையிலும் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள்' என்று கேட்டால் போதும்.

சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். ஐந்து ஆராதனைகளுக்கு 62, 58, 60, 140, 61 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம், 140 கிறிஸ்துமஸ். சராசரி 76. எந்த ஆராதனைக்கும் 76-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் ஆட்கள் வரவில்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் 61-ஐ எடுங்கள். போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடும்போது ஈஸ்டரைக் கவனியுங்கள்; அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை இடம் மாறும். நாற்பது பேர் முப்பத்தாறானால் 'பத்து சதவீத வீழ்ச்சி' என்று அலறவும் வேண்டாம். ஒரு குடும்பம் வீடு மாறியிருக்கும்.

காணிக்கையில் தொகையோடு கொடுத்தவர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். தொகை அப்படியே இருந்து கொடுப்பவர்கள் குறைந்தால், சபையின் பாரம் சிலர் தோளில் ஏறிக்கொண்டிருக்கிறது. யார் எவ்வளவு என்பது பொருளாளரோடு நிற்கட்டும்.

எனக்கு முக்கியமான கணக்கு வேறு. போன வாரம் 60, இந்த வாரமும் 60. அதே அறுபது பேரா? தொகை அதைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான ஒருவரிடம் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் வராதவரின் பெயர் போதகரின் கைக்குப் போகவேண்டும். அறிவிப்புப் பலகைக்கு அல்ல.

கமிட்டிக்கு ஒரே பக்கம் கொடுங்கள். மேலே, முடிவெடுக்க வேண்டிய கேள்வி: இரண்டாம் ஆராதனை தேவையா? பிள்ளைகளுக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டுமா? அதன் கீழே அதற்கான எண்கள் மட்டும். யாரும் கேட்காத கட்டங்களை நீக்கிவிடுங்கள். எங்கள் படிவத்திலிருந்து முதலில் போனது, அன்று பாடிய பாடல்களின் எண்ணிக்கை.