பூ அழகாக இருக்கிறது, டம்ளர் ஏன் ஆடுகிறது?

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷே பழகத் தொடங்கியவர்கள் சால்வை, ஸ்வெட்டர் என்று பெரிதாக இறங்காமல் முதலில் பூ வடிவக் கோஸ்டர், அதாவது டம்ளருக்கு அடியில் வைக்கும் சிறு விரிப்பு, போடுவது நல்ல முடிவுதான். சீக்கிரம் முடியும், நூலும் அதிகம் போகாது. ஆனால் போடுகிறவரின் கண் முழுக்கப் பூவிலேயே இருக்கும். அதன் மேல் ஒரு டம்ளர் நேராக உட்கார வேண்டும், டம்ளரில் வழியும் தண்ணீரை அது உறிஞ்ச வேண்டும் என்பது மறந்துபோகும். பாதித் தவறுகள் இந்த மறதியால் வருபவை.

முதலில் நூல். கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் கைக்கு வரும். நிறங்கள் கண்ணைப் பறிக்கும், விலையும் குறைவு. தொப்பிக்குச் சரி, கோஸ்டருக்கு ஆகாது. குளிர்ந்த ஜூஸ் டம்ளர் வேர்த்து வழிகிற நீரை அக்ரிலிக் இழுத்துக்கொள்ளாது. அது இழைகளுக்கு நடுவே இறங்கி மேசையில் போய் நிற்கும். அதிகச் சூடு பட்டாலும் இழை தளர்ந்து வடிவம் போய்விடும். பருத்தி நூலே வாங்குங்கள். லேபிள் இல்லாத நூல்கண்டு என்றால் ஒரு சிறு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

8 பிளை (நடுத்தரத் தடிமன்) பருத்திக்கு 3.5 அல்லது 4 மி.மீ. ஊசி போதும். லேஸ் பின்னும் மெல்லிய ஸ்டீல் ஊசி வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுத்தால், நூல் பிரிந்து பிரிந்து கொக்கியில் மாட்டும்.

அப்புறம், இணையத்தில் எடுக்கிற பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) எந்த நாட்டு முறை என்று பார்ப்பதில்லை. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்கிற தையலைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். பேட்டர்னில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்க முறை.

அதிகம் பேர் தடுக்கி விழுவது எண்ணிக்கையில். மேஜிக் ரிங்கில் (நடுவில் இழுத்து மூடக்கூடிய தொடக்க நூல் வளையம்) 3 சங்கிலித் தையல் போட்டு, அதை ஒரு தையலாகக் கணக்கில் எடுத்து, மேலும் 11 டபுள் குரோஷே (சிங்கிளைவிட உயரமான தையல்) போட்டால் மொத்தம் 12. அடுத்த சுற்றில் எல்லாத் தையலிலும் இரண்டிரண்டு, ஆக 24. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, ஆக 36. சுற்றுக்கு 12 கூடினால் வட்டம் தட்டையாக இருக்கும். தொல்லை சுற்று முடிகிற இடத்தில்தான். சுற்றை இணைக்கும் ஸ்லிப் ஸ்டிச் பார்வைக்கு ஒரு தையல் போலவே இருப்பதால், அதிலும் ஊசியை நுழைத்து 25 ஆக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் தொடக்கச் சங்கிலியின் தலையை விட்டுவிட்டுக் குறைத்துவிடுவார்கள். அந்த 3வது சங்கிலியில் ஓர் ஊக்கை மாட்டி வையுங்கள், குழப்பம் தீரும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேசையில் போட்டுப் பாருங்கள். ஓரம் அப்பளம் போல நெளிந்தால் தையல் கூடிவிட்டது; நடுவில் குழிந்தால் குறைந்துவிட்டது, அல்லது கை இறுக்கம். அவிழ்க்கச் சோம்பல்பட்டு அடுத்த சுற்றில் சரிக்கட்டலாம் என்று போனால் அது சரியாகவே ஆகாது.

இதழுக்கும் இதே கணக்குதான். 36 தையல் உள்ள சுற்றின் மேல் ஒரு சிங்கிள் குரோஷே, இரண்டு தையல் விட்டு அடுத்ததில் 7 டபுள் குரோஷே, மறுபடி இரண்டு விடுவது என்று போனால் 6 இதழ் பிசகாமல் விழும். ஓர் இதழுக்கு 7, கூட ஒரு சிங்கிள், ஆக 8, ஆறுக்கு 48. அதாவது முந்தைய 36உடன் அதே 12. இதழ் இன்னும் நிறைவாக இருக்கட்டும் என்று 9 போட்டால் 60 ஆகிவிடும், ஓரம் நெளியத் தொடங்கும். 35 தையலில் தொடங்கியிருந்தால் கடைசி இதழுக்கு இடமே போதாது.

அடுக்கு இதழ் ரோஜா மீது எல்லோருக்கும் ஆசை. அயர்லாந்து லேஸில் வருகிற அந்த ரோஜா பார்க்க அற்புதம். ஆனால் அது கழுத்துப் பட்டையில் வைத்துத் தைக்க ஏற்றது. கோஸ்டரின் நடுவில் இதழ்கள் எழும்பி நின்றால் டம்ளர் சாயும், காபி சிந்தும். டம்ளரின் அடிப்பகுதியை ஸ்கேல் வைத்து அளந்து, அதைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலமாக நடுப்பகுதியைத் தட்டையாக விடுங்கள். பூவெல்லாம் ஓரத்தில் இருக்கட்டும்.

மேஜிக் ரிங்கின் வால் நூலை ஒட்ட வெட்டிவிடுவது இன்னொரு தவறு. நாலைந்து சலவையில் நடுவில் ஓட்டை விழும். 15 செ.மீ. விட்டு, மழுங்கிய ஊசியில் கோத்து, வளையத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டி, பிறகு எதிர்த்திசையில் திருப்பி ஓட்டிய பின் வெட்டுங்கள்.

முடித்தவுடன் இதழ்கள் கொஞ்சம் சுருண்டுதான் இருக்கும். நனைத்துப் பிழிந்து, தடித்த துண்டின் மேல் விரித்து, ஒவ்வொரு இதழ் நுனியிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவைத்தால் படிந்துவிடும். மேசை விரிப்புக்குப் போடுவது போல இதற்கும் கஞ்சி போடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஈரம் பட்டதும் பிசுபிசுக்கும், பூச்சியும் வரும். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது பருத்தி உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். சிவப்பு, மெரூன் நூலோடு வெள்ளையைச் சேர்ப்பதாக இருந்தால், அடர்நிற நூலில் ஒரு துண்டை முன்னதாகவே நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேறு நூல் பார்ப்பதே நல்லது.