ஒரே கிளிக்கில் ஒரு நிரல்மொழி: இன்ஸ்டாலர் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஸ்டாலர் வேலை முடிந்துவிட்டதாகச் சொல்கிறது. புதிதாக நிரல் எழுதக் கற்க வந்தவர் ஆசையோடு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, மொழியின் பெயரைத் தட்டி என்டர் அழுத்துகிறார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி கைவிரிக்கிறது. எழுத்துப்பிழையோ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு மறுபடி தட்டுகிறார். மறுபடியும் அதே பதில். அவர் இன்ஸ்டாலரைக் குறை சொல்லவில்லை. 'இதெல்லாம் நமக்கு வராது போல' என்று தன்னைத்தான் நொந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த நாளிலிருந்து, இன்ஸ்டாலர் கட்டுவதைச் சில்லறை வேலையாக என்னால் நினைக்க முடியவில்லை.

லினக்ஸில் வளர்ந்த மொழியை விண்டோஸுக்கோ மேக்குக்கோ கொண்டுபோகத் திட்டமிடுபவர்கள், கோப்புகளை உரிய ஃபோல்டரில் வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. பயனர் எழுதிய முதல் நிரல் ஓட வேண்டும். வெளியிலிருந்து எடுக்கும் முதல் பேக்கேஜும் (பிறர் எழுதிப் பகிர்ந்த நிரல் தொகுப்பு) சிக்கலில்லாமல் இறங்கி ஓட வேண்டும். அதுவரைக்கும் இன்ஸ்டாலரின் பொறுப்புதான்.

கம்பைலர் கேள்வியைத் தள்ளிப்போடுவது

முதல் நிரல் எப்படியும் ஓடிவிடும். முதல் பேக்கேஜில்தான் மாட்டிக்கொள்வோம். அதற்குள் சி மொழியில் எழுதிய கோடு கொஞ்சம் இருந்தால், அதை யாராவது கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யும் கம்பைலர் லினக்ஸில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். விண்டோஸில் இருக்காது.

ரூபி இதை அனுபவித்தே கற்றது. விண்டோஸுக்கு வந்த பழைய ஒன்-கிளிக் இன்ஸ்டாலரில் இருந்த ரூபி, 1998-ல் வெளியான விஷுவல் சி++ 6-ல் கம்பைல் செய்யப்பட்டது. பின்னாளில் அந்தக் கம்பைலர் பயனர்களுக்குக் கிடைப்பதே அரிதாகிவிட்டது. சி கோடு உள்ள ஜெம் (ரூபி உலகில் பேக்கேஜின் பெயர்) வேண்டுமென்றால், அதை எழுதியவரே விண்டோஸுக்கென்று கம்பைல் செய்து கொடுத்தால்தான் உண்டு. பிறகு வந்த ரூபிஇன்ஸ்டாலர் திட்டம் ஜிசிசி கம்பைலரை விண்டோஸுக்குக் கொண்டுவந்த மின்ஜிடபிள்யூ பக்கம் மாறி, டெவ்கிட் என்ற கம்பைலர் தொகுப்பைத் தனியாகத் தந்தது. ரூபி 2.4 முதல் எம்சிஸ்2 என்ற கருவித் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டது. ஸ்ட்ராபெரி பெர்ல் ஜிசிசி கம்பைலரைத் தன்னோடே சுமந்து வருகிறது. பைத்தான் உலகம் வீல் என்ற வடிவத்தில், முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்களைப் பகிரும் வழிக்குப் போனது. ரஸ்ட்டின் வழக்கமான விண்டோஸ் நிறுவலுக்கு கம்பைல் செய்த துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் மைக்ரோசாஃப்டின் லிங்கர் தேவை. அது இல்லையென்றால் நிறுவும்போதே ரஸ்ட்டின் இன்ஸ்டாலரான ரஸ்ட்அப் கேட்டுவிடுகிறது.

இவற்றில் எந்த வழியையும் எடுக்கலாம். முடிவை மட்டும் முதல் வாரமே எடுத்துவிடுங்கள். மொழியை எந்த சி ரன்டைமோடு (சி நிரல்கள் ஓடத் தேவையான அடிப்படை நூலகம்) கட்டுகிறீர்களோ, பேக்கேஜ்களும் அதோடு பிணைந்துவிடும். ஒரு ரன்டைமில் ஒதுக்கிய நினைவகத்தை இன்னொரு ரன்டைம் விடுவிக்கப் பார்த்தால் நிரல் அப்படியே விழும். பிற்பாடு மாற்றலாம், ஆனால் வலிக்கும். ரூபிஇன்ஸ்டாலர் 3.1-ல் பழைய எம்எஸ்விசிஆர்டி ரன்டைமிலிருந்து புதிய யூசிஆர்டி-க்கு மாறியபோது, பழைய ரன்டைமுக்கென்று முன்கூட்டியே கம்பைல் செய்த ஜெம்கள் அதில் ஓடவில்லை. மாறியது சரியான முடிவுதான். ஆனால் அதற்கான உழைப்பு ஜெம் எழுதிய எத்தனையோ பேர் தலையில் விழுந்தது.

பாத் மாறியில் கவனக்குறைவாகக் கை வைப்பது

தொடக்கத்தில் சொன்னவரின் கணினியில் நடந்தது இதுதான். கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியலை வைத்திருக்கும் சூழல் மாறிதான் பாத். இன்ஸ்டாலர் அதில் தன் ஃபோல்டரைச் சேர்த்திருந்தது, ஆனால் மாற்றம் நடந்ததை விண்டோஸுக்கு அறிவிக்கவில்லை. அதனால் அதற்குப் பிறகு திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டும் பழைய மதிப்போடுதான் வந்தது. அறிவித்திருந்தாலும், ஏற்கெனவே திறந்து கிடக்கும் ஜன்னலுக்கு மாற்றம் தெரியாது. ஆகவே கடைசித் திரையில் 'புதிய டெர்மினல் திறக்கவும்' என்று ஒரு வரி எழுதுங்கள். அதைவிட நல்லது, அந்தத் திரையிலேயே டெர்மினலைத் திறக்க ஒரு பொத்தான்.

இதைவிடக் கொடுமையானது பயனரின் பாத்தையே அழித்துவிடுவது. சூழல் மாறிகளை மாற்றும் செட்எக்ஸ் கட்டளை 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும். இன்ஸ்டாலர் கட்ட உதவும் என்எஸ்ஐஎஸ் கருவியின் வழக்கமான பதிப்பிலும் ஒரு சரத்துக்கு 1024 எழுத்துதான் வரம்பு. பாத் அதைவிட நீளமாக இருந்தால் படித்த மதிப்பு வெறுமையாக வரும். பிழையைச் சரிபார்க்காத ஸ்கிரிப்ட், அந்த வெறுமையோடு தன் ஃபோல்டரை ஒட்டி எழுதிவிடும். நம் மொழி ஓடும். அந்தக் கணினியில் இருந்த மற்ற கருவிகள் எல்லாம் காணாமல் போகும். ஒருவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த அமைப்பை அழிக்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது. விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் வடிவமான எம்எஸ்ஐ-யில் சூழல் மாறிகளுக்கென்றே தனி வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

வரிசையும் முக்கியம். விண்டோஸ் கணினி முழுமைக்குமான பாத்தை முதலில் பார்க்கும், பயனரின் பாத்தைப் பிறகுதான் பார்க்கும். அட்மின் அனுமதி இல்லாமல் நிறுவிய புதிய பதிப்பு, அங்கே முன்பே இருக்கும் பழைய பதிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பைத்தானின் விண்டோஸ் இன்ஸ்டாலரில் பாத்தில் சேர்ப்பதற்கான பெட்டி பல ஆண்டுகளாக டிக் இல்லாமலே வந்தது. பதிப்புகளுக்கு இடையே தேர்ந்தெடுக்க 3.3 முதல் 'பை' என்ற சிறிய லாஞ்சர் வந்தது. லாஞ்சர் யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். டிக் இல்லாத பெட்டி புதியவர்களைத் தவிக்கவிட்டது என்பதும் என் உறுதியான கருத்து.

பெயரும் முகவரியும்

யூனிக்ஸ் ஸ்கிரிப்ட்டுகளுக்கு இடைவெளி உள்ள ஃபோல்டர் பெயர் என்றால் ஆகாது. விண்டோஸிலோ 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயரிலேயே இடைவெளி. ரூபிஇன்ஸ்டாலர் சி டிரைவின் மேல்மட்டத்திலேயே தன் ஃபோல்டரை வைக்கிறது. நடைமுறைக்கு ஒத்த முடிவு. ஆனால் பயனரின் சொந்த ஃபோல்டரைத் தவிர்க்க முடியாது. அவர் தன் பெயரைத் தமிழில் வைத்திருந்தால்? தமிழுக்கு விண்டோஸில் பழைய ஏஎன்எஸ்ஐ கோட் பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) கிடையாது, யூனிகோட் மட்டும்தான். பழைய வகை ஃபங்ஷன்களால் ஃபோல்டர் பெயரைப் படித்தால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். விண்டோஸ் 10-ன் 1903 பதிப்பு முதல், நிரலின் மேனிஃபெஸ்ட்டில் (நிரலைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவத்தை அறிவிக்க வழி இருக்கிறது. ஒருவர் தன் பெயரைத் தன் மொழியில் எழுதியதால் நிரல் ஓடாமல் போவதை என்னால் ஏற்க முடியாது.

கோப்பின் முழு முகவரிக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பும் இருக்கிறது. 2016-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பு முதல் அதைத் தளர்த்தலாம், ஆனால் ரெஜிஸ்ட்ரி அமைப்பும் நிரலின் மேனிஃபெஸ்ட்டும் இரண்டும் சம்மதிக்க வேண்டும். ஆகவே ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாக அடுக்காதீர்கள்.

மேக்கில் ஏற்கெனவே இருப்பதை மறப்பது

மேக்கில் ஆப்பிள் தந்த மொழிப் பதிப்புகளும் இருக்கலாம், ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் நிறுவும் கருவி வைத்தவையும் இருக்கலாம். ஆப்பிளுடையதைத் தொடவே கூடாது. 2015-ல் வந்த எல் கேப்பிடன் என்ற மேக் பதிப்பு முதல், மேக் தொடவும் விடாது. அது என்றைக்கும் இருக்கும் என்று நம்பவும் கூடாது: 2022-ல் மேக்ஓஎஸ் 12.3 பைத்தான் 2.7-ஐ நீக்கிவிட்டது. ஹோம்ப்ரூவும் இன்டெல் மேக்கில் ஓரிடம், ஆப்பிளின் எம்1 சிப்பும் அதற்குப் பிந்தையவையும் உள்ள மேக்கில் வேறிடம். முகவரியைக் கோடில் நிரந்தரமாக எழுதி வைத்தால் ஒரு பாதிப் பேருக்கு உடையும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, இணையத்தோடு பாதுகாப்பாகப் பேச உதவும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகம். நம்முடையதை உள்ளே வைத்து அனுப்பினால் அது மேக்கின் கீசெயினில் உள்ள நம்பிக்கைச் சான்றிதழ்களைப் பார்க்காது. முதல் பேக்கேஜை இறக்கப் போனால் சான்றிதழ் பிழை வரும். பைத்தான் 3.6 இதற்காகவே, நிறுவியபின் சான்றிதழ்களைச் சேர்க்கும் ஒரு தனிக் கோப்பைத் தர வேண்டியதாயிற்று. அது இரண்டாவது கிளிக். முடிந்தால் இன்ஸ்டாலருக்குள்ளேயே செய்துவிடுங்கள்.

கையொப்பத்தைக் கடைசி நாளுக்கு விடுவது

மேக்ஓஎஸ் கேட்டலினா முதல், அதாவது 2019-லிருந்து, ஆப்பிளிடம் நோட்டரைஸ் செய்யாத (அனுப்பிச் சோதித்து ஒப்புதல் பெறாத) இன்ஸ்டாலரை மேக் சாதாரணமாகத் திறக்க விடாது. விண்டோஸில், யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாததற்கு ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை முன்னால் வந்து நிற்கும். அதைத் தாண்டிப் போகச் சொல்லிப் பயனரைப் பழக்குவது அவருக்குச் செய்யும் கெடுதல். 2023 ஜூன் முதல், கோடு கையொப்பச் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைத்தாக வேண்டும் என்பது விதி. சான்றிதழ் வாங்க, பில்ட் சர்வரோடு இணைக்க நாள் பிடிக்கும். வெளியீட்டுக்கு முந்தின இரவு ஆகிற காரியம் இல்லை.

சொந்தக் கணினியில் மட்டும் சோதிப்பது

நம் கணினியில் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் எதுவும் உடையாது. வெறுமையான மெய்நிகர் கணினி ஒன்று எடுங்கள். இடைவெளியோடு தமிழில் ஒரு பயனர்பெயர், அட்மின் உரிமை இல்லாத கணக்கு, 1024 எழுத்தைத் தாண்டிய பாத், அதே மொழியின் பழைய பதிப்பு ஒன்று. இவற்றோடு இன்ஸ்டாலரை ஓட்டி, சி கோடு உள்ள ஒரு பேக்கேஜை நிறுவிப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பாத் முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மேக்கின் இன்ஸ்டாலர் வடிவமான பிகேஜி-யில் நீக்கும் வசதியே கிடையாது என்பதால், அங்கே அதற்கான ஸ்கிரிப்ட்டை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.