தொற்றுக்காலத்தில் வெளிநாட்டுக் குதிரைப் பந்தயம்: சேலத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுக் குதிரைப் பந்தயத்தைக் காணத் திட்டமிடுவோர் பலர், பந்தயம் நடக்கும் என்ற அறிவிப்பையே தங்களுக்கான அழைப்பாகக் கருதிவிடுகிறார்கள். குதிரைக்கான அனுமதி வேறு, அதனுடன் வருவோருக்கான அனுமதி வேறு, பார்வையாளருக்கான அனுமதி வேறு. 2020 நவம்பர் 3 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பைப் பந்தயம் குறித்த நாளில் நடந்தது. அயர்லாந்திலிருந்து விமானத்தில் வந்து தனிமைப்படுத்தலை முடித்த 'ட்விலைட் பேமென்ட்' என்ற குதிரை வென்றது. ஆனால் அதன் பயிற்சியாளர் ஜோசப் ஓ'பிரையன் தம் நாட்டிலேயே இருந்தார். திடலில் பார்வையாளர்களும் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில், வெளிநாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய பிறகு, பந்தயத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது துபாய் உலகக் கோப்பை கைவிடப்பட்டது. ஆகவே எல்லை திறந்திருப்பது உறுதியாகும் முன், பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை எடுக்கவே கூடாது. பயணக் காப்பீட்டிலும் பெருந்தொற்றால் வரும் இழப்புக்கு விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது பரிசோதனை நேரம். கொரோனா காலத்தில் பல நாடுகள், பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்த பரிசோதனையின் அறிக்கையைக் கேட்டன. அந்த 72 மணி நேரக் கணக்கு சளி மாதிரி கொடுத்தபோது தொடங்குகிறதா, முடிவு வந்தபோதா, அது முதல் விமானம் கிளம்பும்வரையா, கடைசி விமானம் கிளம்பும்வரையா என்பது நாட்டுக்கு நாடு மாறியது. காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானம் இல்லாததால், சேலத்தில் மாதிரி கொடுத்துவிட்டு பெங்களூருக்கோ சென்னைக்கோ சாலை வழியே போய், நடுவில் இன்னொரு நாட்டில் விமானம் மாறுகிறவருக்கு அந்த 72 மணி நேரம் எளிதில் கரைந்துவிடும். விமானம் மாறும் நாட்டின் விதிகளையும் தனியே பார்ப்பது அவசியம்.

நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது பெயர்தான். தடுப்பூசிச் சான்றிதழில் ஆதாரில் உள்ளபடி 'எஸ். முருகேசன்' என்றும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரையும் சேர்த்து 'முருகேசன் சுப்பிரமணி' என்றும் இருந்தால், தமிழ்நாட்டு இனிஷியல் வழக்கம் அறியாத வெளிநாட்டு அதிகாரி இரண்டையும் வெவ்வேறு ஆட்களின் பெயர்களாகவே பார்ப்பார். டிக்கெட், பரிசோதனை அறிக்கை, சான்றிதழ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். சான்றிதழில் திருத்தம் தேவையானால் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே செய்துவிடுவது நல்லது.

ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நிரப்பும் பயணியர் அட்டையில், கடந்த 30 நாட்களில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளின் அருகிலோ போனீர்களா என்ற கேள்வி உண்டு. காப்பித் தோட்டத்திலேயே குடியிருப்பவரும், குதிரை வளர்ப்பவரும் பயத்தில் 'இல்லை' என்று குறித்துவிடக் கூடாது. 2007-இல் இறக்குமதிக் குதிரைகளோடு வந்த குதிரைக் காய்ச்சல் (குதிரைகளுக்கு வரும் இன்ஃப்ளூயன்ஸா) தனிமைப்படுத்தல் நிலையத்தை விட்டு வெளியேறி, நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் பந்தயங்களை முடக்கியது. மனிதர் மூலமோ உபகரணங்கள் மூலமோ அது பரவியிருக்கக்கூடும் என்றே விசாரணையில் கருதப்பட்டது. எனவே தோட்டத்து மண் ஒட்டிய செருப்பை வீட்டிலேயே நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துச் செல்ல வேண்டும். இருந்தும் அட்டையில் 'ஆம்' என்றே குறித்து அதிகாரியிடம் காட்ட வேண்டும், ஏனெனில் மறைத்தது தெரிந்தால் அபராதம் விதிப்பார்கள்.