தென்துருவ ஸ்கீ நடையில் கைக்கும் நினைப்புக்கும் நேரம் குறிப்பது

அண்டார்க்டிகாவின் ஹெர்குலிஸ் இன்லெட்டில் கடல் மட்டத்தை ஒட்டிக் கிளம்பி, 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கும் தென்துருவத்தை அடைய ஏறத்தாழ 1,130 கி.மீ. ஸ்கீயில் நடக்க வேண்டும். பலருக்கு நாற்பது, ஐம்பது நாள் ஆகும். இடுப்பில் கட்டிப் பனிமேல் இழுக்கும் பல்க் என்ற சறுக்குவண்டியில் பெரும்பங்கு சாப்பாடும் எரிபொருளும்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை சூரியன் மறையாது. அதனால் எழுவதும் படுப்பதும் கடிகாரம் சொல்கிறபடி.

காலையில் எழுந்ததும் ஸ்டவ்வைத் தொடாதீர்கள். கூடாரத்தின் உட்சுவரில் மூச்சுக்காற்று உறைந்து படிந்திருக்கும். முதலில் அதைத் துடைப்பத்தால் தட்டி வெளியே தள்ளுங்கள். தள்ளாவிட்டால் ஸ்டவ் சூட்டில் உருகித் தூங்குபையை நனைக்கும், நனைந்த பை மறுபடி காய்வது சிரமம். ஸ்டவ்வைப் பலகைமேல் வைத்து, கதவின் மேற்பகுதியைத் திறந்துவிட்டுப் பற்றவையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பாத்திரத்தின் அடியில் முந்தைய இரவு மிச்சம் வைத்த தண்ணீர் கொஞ்சம் இருக்க வேண்டும். வெறும் பனியைப் போட்டால் அடி தீய்ந்து தண்ணீரில் கருகல் வாடை ஏறும். ஆளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் உருக்க வேண்டியிருப்பதால் கிளம்ப இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் கால்மணி நேரத்தில் வியர்த்து, நின்றதும் அந்த ஈரம் உறையும். காலில் மெல்லிய சாக்ஸ், அதன்மேல் ஈரம் கடக்காத பிளாஸ்டிக் உறை, அதன்மேல் கம்பளி சாக்ஸ். இந்த வரிசை மாறினால் பூட்ஸின் உள்ளுறை நாள்தோறும் ஈரமேறிக் கனக்கும்.

ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் நிறுத்தம். இப்படி எட்டு முறை. நின்றதும் முதல் வேலை பல்க்கின் மேலேயே கட்டியிருக்கும் தடித்த ஜாக்கெட்டைப் போடுவது. பிறகு காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள். சீஸ், சாக்லெட், வெண்ணெய் எல்லாவற்றையும் பயணத்துக்கு முன்பே சிறு துண்டுகளாக வெட்டி வையுங்கள், உறைந்த கட்டியைக் கடித்தால் பல் உடையும்.

தெற்கே போகிறவருக்கு நிழல் நல்ல வழிகாட்டி. மேற்கு 80 தீர்க்கரேகையில், கிரீன்விச்சுக்கு மூன்று மணி நேரம் பின்தங்கிய சிலியின் கோடைக்கால நேரப்படி பிற்பகல் சுமார் 2.20க்குச் சூரியன் நேர் வடக்கில், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அப்போது நிழல் ஸ்கீக்கு நேர் முன்னால் விழும். அதற்கு முந்தைய ஒவ்வொரு மணிக்கும் 15 பாகை வலப்பக்கம், பிந்தைய ஒவ்வொரு மணிக்கும் அதே அளவு இடப்பக்கம். இது கைவந்துவிட்டால் திசைகாட்டியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நினைப்பு தன் போக்கில் போகலாம்.

போகும், ரொம்ப தூரம் போகும். முதல் வாரத்தில் பழைய சண்டை, விட்டுவந்த வேலை. பிறகு ஒரே பாட்டின் ஒரே வரி நாள் முழுக்க. இதற்கும் பங்கீடு வைத்தால் நாள் நகரும். முதல் இரண்டு நடைகளில் மனத்தை அதன் இஷ்டத்துக்கு விடுங்கள். நடுவில் ஒரு வேலை கொடுங்கள்: ஒரு வீட்டை அடித்தளத்திலிருந்து கட்டுங்கள், தெரிந்த செய்யுளை ஒப்புவியுங்கள். பாட்டோ ஒலிப்புத்தகமோ கடைசி இரண்டு நடைகளுக்கு மட்டும், முழு நாளும் கேட்டால் களைத்த நேரத்தில் அது உதவாது. மிச்ச தூரத்தை நடக்கும்போது வகுத்துப் பார்க்காதீர்கள். கூட வருபவர் கரண்டியைச் சுரண்டும் சத்தம்கூட மாலையில் பெரிய குற்றமாகத் தெரியும். அது பெரும்பாலும் பசியும் களைப்பும். சூடாகச் சாப்பிட்ட பிறகும் கோபம் இருந்தால் அப்போது பேசலாம்.

நினைப்பு தூரமாய்ப் போகும் நேரத்தில்தான் பனிக்கடி, அதாவது குளிரில் சதை உறைவது, வரும். விரல் முதலில் வலிக்கும், பிறகு வலி நின்றுவிடும். வேறு யோசனையில் இருப்பவருக்கு அந்த இரண்டாவது கட்டம் நிம்மதி போலத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு நடையின் பாதியிலும் கடிகாரத்தில் ஓர் அலாரம் வையுங்கள். விரல்களை மடக்கிப் பாருங்கள், முகத்தைச் சுளித்துப் பாருங்கள். சுளிக்காமல் விறைத்த இடம் இருந்தால் உடனே நின்று வெறும் உள்ளங்கையை அங்கே பொத்துங்கள், தேய்க்க வேண்டாம். எதிர்காற்று நாட்களில் தொடையின் முன்புறமும் கவனம் கேட்கும். மரத்துப்போனது தெரியாமல் நடந்தால் ஆறாத புண்ணாகும், பஞ்சு அடைத்த குட்டைப் பாவாடை அதைத் தடுக்கும்.

எல்லாம் வெள்ளையாகி நிழலே விழாத நாளில் மார்பில் மாட்டிய திசைகாட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. நடையிலேயே மிகவும் களைக்க வைப்பது இதுதான். முன்னால் போகிறவரை நடைக்கு நடை மாற்றுங்கள்.

மாலையில் கூடாரத்தை விரிக்கும் முன், காற்று வரும் பக்கத்து முனையைப் பல்க்கிலோ ஊன்றிய ஸ்கீயிலோ கட்டிவிடுங்கள். கைநழுவினால் காற்று அதைத் திருப்பித் தராது. ஒருவர் உள்ளே ஸ்டவ்வைக் கவனிக்க, இன்னொருவர் கூடாரத்தின் ஓரத்துணிமேல் பனியை வாரிப் போடட்டும். பயணத்தைக் கவனிக்கும் தலைமை முகாமுக்குத் தினமும் குறித்த நேரத்தில் செயற்கைக்கோள் தொலைபேசியில் இருப்பிடத்தையும் உடல்நிலையையும் சொல்லுங்கள். அதன் பேட்டரி நாள் முழுக்க உள்சட்டைப் பையில் இருந்தால்தான் உயிரோடிருக்கும். படுக்கும்போது பூட்ஸின் உள்ளுறையும் அந்த பேட்டரியும் தூங்குபைக்குள், கண்ணுக்குத் துணிப்பட்டை, நாளைக் காலைக்கான தண்ணீர் பாத்திரத்தின் அடியில்.