வீட்டிலேயே குழந்தைக்கு ஆபத்து: நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்பது எப்படி?

குழந்தைக்கு இப்போதே அடி விழுகிறது என்றால் முதலில் 1098-க்கோ 112-க்கோ அழையுங்கள். மனுவெல்லாம் பிறகு. பாலியல் குற்றம் என்றால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்; தெரிந்தும் சொல்லாமலிருப்பது போக்சோ சட்டப்படி குற்றம்.

தாய் வழக்குப் போடுவதானால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே வேகமான வழி. 12-ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம், அது அம்மா வீடாக இருந்தாலும் சரி. விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால், 26-ஆம் பிரிவைக் காட்டி அதே பரிகாரங்களைக் குடும்பநல நீதிமன்றத்திலேயே கேட்கலாம். தந்தையோ தாத்தாவோ கேட்பதானால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ், குழந்தை வழக்கமாக வசிக்கும் பகுதியின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100.

மனுக்கள் பெரும்பாலும் பலவீனப்படுவது ஒரே இடத்தில்தான். 'குடித்துவிட்டு எப்போதும் அடிப்பார்' என்று எழுதினால் நீதிபதிக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தேதி, நேரம், என்ன நடந்தது, குழந்தை அப்போது எங்கே இருந்தது, உடம்பில் எங்கே காயம், யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் தனிப் பத்தியாக எழுதுங்கள். உங்களுக்கு நடந்ததையும் குழந்தைக்கு நடந்ததையும் கலக்காதீர்கள். நீதிமன்றம் எடைபோடுவது குழந்தையின் நலனை. கணவன் மனைவி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை அல்ல. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் மனு ரசீது, பள்ளி வருகைப் பதிவு ஆகியவற்றை இணையுங்கள். வாட்ஸ்அப் செய்தி, வீடியோ என்றால் மின்னணுச் சான்றிதழும் (அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்யும் சான்று) வேண்டும். அசல் செல்போனில் உள்ளதை அழிக்காமல் வையுங்கள். குழந்தைக்குப் பதில் சொல்லிக்கொடுத்து வீடியோ எடுக்கவே எடுக்காதீர்கள். நீதிபதி தன் அறையில் குழந்தையிடம் தனியாகப் பேசும்போது மனப்பாடம் செய்த வாக்கியம் தெரிந்துவிடும், உண்மையான பகுதியும் சேர்ந்து நம்பிக்கை இழக்கும்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிக் குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை பதிவு செய்துவிடுங்கள். முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டம்; நடைமுறையில் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே முதல் நாளே அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ், படிவம் 3 பிரமாணப் பத்திரத்துடன் இடைக்கால உத்தரவு கேளுங்கள். அவசரம் புரிந்தால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே நடுவர் உத்தரவிட முடியும்.

கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். குழந்தையைத் தொடர்புகொள்ளத் தடை, 21-ஆம் பிரிவின்படி தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றோடு பள்ளியின் பெயரும் முகவரியும் உத்தரவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளி வாசலில் வந்து நிற்பவரைத் தடுக்கத் தலைமை ஆசிரியரிடம் தாள் இருக்காது. சந்திப்பு உரிமைதான் அதிகம் சிக்கும் இடம். சந்திப்பே குழந்தைக்குத் தீங்கு என்று நடுவர் கருதினால் அதை மறுக்கலாம். அவ்வளவு ஆதாரம் இல்லாதபோது முழுத் தடை கேட்டுத் தோற்பதைவிட, நீதிமன்ற வளாகத்தில், மூன்றாம் நபர் முன்னிலையில், வெளியே அழைத்துப் போகாமல், குறித்த கிழமையில் குறித்த நேரம் என்று நிபந்தனை கேட்பது நல்லது. 'பரஸ்பர வசதிப்படி' என்ற சொற்றொடரை ஒருபோதும் ஏற்காதீர்கள், ஒவ்வொரு வாரமும் அது புதுச் சண்டையாகும்.

உத்தரவின் நகல் இலவசம். ஒன்றைக் காவல் நிலையத்திலும் ஒன்றைப் பள்ளியிலும் கொடுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மீறிய அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். நடுவரின் உத்தரவு பாதகமாக வந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. குழந்தைப் பொறுப்பு உத்தரவு நிரந்தரமானதல்ல, சூழ்நிலை மாறினால் அதே நீதிமன்றத்தில் திருத்தம் கேட்கலாம்.