பத்து நிமிட நோட்டு: புது சூப்பர்வைசர் உங்களைப் பார்த்து எதைப் பழகுகிறார்?

திருப்பூரில் டெய்லராகவோ செக்கிங்கிலோ இருந்து, வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும் லைனுக்குச் சூப்பர்வைசராக வருகிறவர்களுக்குப் பல பனியன் கம்பெனிகளில் தனிப் பயிற்சி கிடையாது. புரொடக்‌ஷன் மேனேஜர் நடந்துகொள்வதுதான் அவர்களுக்குப் பாடம். காலை மீட்டிங்கில் அவர் பேசுவதைவிட, ஷிப்மெண்ட் நெருக்கும் சாயங்காலம் அவர் செய்வதுதான் மனதில் பதியும். அதனால் தன்னைத் தானே கவனிப்பதும் மேனேஜரின் வேலையில் சேர்ந்ததே.

அதற்கு நாற்பது பக்க நோட்டு, பேனா, தினமும் 10 நிமிடம் போதும். செல்போனில் எழுத வேண்டாம், திறந்ததுமே வாட்ஸ்அப் இழுத்துக்கொள்ளும்.

படி 1. ஷிப்ட் முடிந்து வண்டியை எடுக்கும் முன்பே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால், நமக்குச் சாதகமாகத் திரிந்த நினைவுதான் மிஞ்சியிருக்கும்.

படி 2. பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: சொன்னது, செய்தது, பார்த்தவர். ஒரு நாளைக்கு மூன்று பதிவுக்கு மேல் வேண்டாம். நிறைய எழுதினால் நாலாம் நாளே நோட்டு மேசைக்குள் போய்விடும்.

ஓர் உதாரணம். ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தர வேண்டும். துண்டு ஒன்று துணியில் தங்கினால் அந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளும் குழந்தையின் உடம்பில் குத்தும். அவசரத்தில் அதை மீறினால் நோட்டில் இப்படி வர வேண்டும்:

சொன்னது: துண்டு கிடைக்காமல் ஊசி தரக் கூடாது.
செய்தது: மாலை 6:40, "அப்புறம் தேடிக்கலாம், ஊசியக் குடு" என்றேன்.
பார்த்தவர்: புது சூப்பர்வைசர், டெய்லர்கள் நாலு பேர்.

"கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்" என்று எழுதினால் பயனில்லை. நேரமும், வாயிலிருந்து வந்த அதே வார்த்தையும் வேண்டும். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடவே கூடாது, பின்னால் அதுதான் உதவும். நன்றாகச் செய்ததையும் எழுதுங்கள், அதையும்தான் பார்த்துப் பழகுகிறார்கள்.

படி 3. சனிக்கிழமை ஆறு நாள் பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள். "ஏன் இப்படிச் செய்தேன்" என்று கேட்டால் பையர் (ஆர்டர் கொடுத்தவர்), கரண்ட், ஆள் பற்றாக்குறை என்று சமாதானம்தான் வரும். "அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப வருகிற ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள்.

படி 4. நோட்டில் வராதவையும் உண்டு. 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரு உளவியலாளர்கள் வரைந்த ஜோஹாரி சாளரத்தில், மற்றவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவற்றுக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நிரப்ப முடியும். "எங்கிட்ட என்னங்க குறை?" என்றால் "ஒண்ணுமில்லீங்ணா" என்பார்கள். மரியாதை அப்படி. கேபினை விட்டு டீக்கடைக்கு வந்து, "தம்பி, என்னையப் பாத்து நீங்க பழகிக்கிட்ட ஒரு வேலை சொல்லுங்க" என்று கேளுங்கள். பதிலுக்கு "சரிங்க தம்பி" போதும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

படி 5. இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். "பொறுமையாக இருப்பேன்" என்பதைச் சரிபார்க்க வழியில்லை. "துண்டு ஒட்டிய பதிவேட்டைப் பார்க்காமல் ஊசி தரச் சொல்ல மாட்டேன்" என்பதைச் சரிபார்க்கலாம். மூன்றாவது கட்டத்தில் இருப்பவர்களிடமே போய், "அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க, இனி பதிவேடு பாத்துத்தான்" என்று சொல்லுங்கள். கேபினுக்குள் திருந்தினால் லைனில் யாருக்கும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்தும் அதே வரி வந்தால் உங்கள் மன உறுதியைக் குறை சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், டார்கெட்டைப் பாருங்கள். ஊசி தேட மெஷின் நிற்கும் நேரம் அதில் சேர்ந்திருக்காது. அந்த நிமிடங்களைக் கழித்து லைனின் மணிக்கணக்கு பீஸைத் திருத்தி எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள்.