கடைசித் தொட்டி மட்டும் ஏன் காய்கிறது?

மாடித் தோட்டத்தில் சொட்டு நீர் போட்டவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: டேங்குக்குப் பக்கத்துத் தக்காளி சேற்றில் நிற்கிறது, கடைசி வரிசைக் கத்திரி வாடுகிறது. உடனே மெயின் வால்வைக் கொஞ்சம் மூடிப் பார்க்கிறோம். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வால்வை மூடினால் எல்லாச் செடிக்கும் சேர்ந்துதான் குறையும். குழாய் நடுவில் எங்காவது மேடேறினால் அதற்கு அப்பால் நின்றே போகும். மெயினை முழுசாகத் திறந்துவிட்டு, அளவை ஒவ்வொரு செடியிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பரில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது. '4 லிட்டர்' என்றால் பொதுவாக 1 பார் அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் என்று அர்த்தம். 1 பார் வேண்டுமென்றால் தண்ணீர் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் டேங்கின் நீர்மட்டம் தொட்டிகளைவிட 2 மீட்டர் உயரம் இருந்தாலே பெரிது. அந்த உயரத்தில் 4 லிட்டர் டிரிப்பர் 2 லிட்டர்கூடத் தராது. டேங்க் காலியாகக் காலியாக இன்னும் குறையும்.

இதனால்தான் அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் விலை கூடிய டிரிப்பரை வாங்கி ஏமாறாதீர்கள் என்கிறேன். மோட்டார் வைத்த வயலுக்கு அது அருமையான பொருள். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு சரியாக வேலை செய்ய அரை பாராவது வேண்டும். மாடி டேங்குக்கு அது ஒத்துவராது. தலையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் சாதா டிரிப்பரோ மைக்ரோ டியூப் என்கிற வெறும் மெல்லிய குழாயோ போதும். நேரத்துக்குத் தானே திறந்து மூடும் டைமர் வாங்கினாலும் அழுத்தமே இல்லாமல் திறக்கக்கூடிய பந்து வால்வு (ball valve) வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, எவ்வளவு வருகிறது என்று எப்படித் தெரியும்? வரிசையின் முதல், நடு, கடைசித் தொட்டிகளில் டிரிப்பருக்கு அடியில் ஒவ்வொரு டம்ளர் வையுங்கள். சரியாக 6 நிமிடம். வந்த மில்லியைப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு. 200 மில்லி வந்தால் மணிக்கு 2 லிட்டர். நான் முதன்முதலில் வைத்தபோது முதல் டம்ளர் வழிந்தது. கடைசியில் அடிப்பாகம்கூட மறையவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, இத்தனை நாள் அந்தச் செடியைப் பட்டினி போட்டிருக்கிறேன் என்று.

சரிசெய்ய மைக்ரோ டியூபே நல்ல கருவி. டியூப் நீளமானால் தண்ணீர் குறையும். அதனால் டேங்குக்குப் பக்கத்துச் செடிக்கு நீளமாகவும் கடைசிச் செடிக்குக் குட்டையாகவும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் சமமாகப் போகாது. மாடியில் மழைநீர் ஓடும் சரிவு இருக்குமே, குழாயையும் மேட்டுப் பக்கத்திலிருந்து தாழ்வுக்கு இழுங்கள். வரிசை நீளமென்றால் இரண்டாகப் பிரித்து, ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைத் திறங்கள்.

ஃபில்டரைக் கழுவாமல் விட்டால் இருக்கிற கொஞ்ச அழுத்தமும் அங்கேயே போய்விடும். போர் தண்ணீர் என்றால் டிரிப்பர் வாயில் வெள்ளையாக உப்பு படியும். கழற்றி வினிகரில் ஊறவைத்தால் விடும். அப்புறம், உள்ளே தண்ணீர் தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடி மாதிரியான டியூப் வாங்காதீர்கள். வெயில் பட்டுப் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். கறுப்பு டியூபே வாங்குங்கள்.